பார்ப்பவர் எங்கே நிற்கிறார்? புதுக்கோட்டையிலிருந்து வி.ஆர். கதை சொல்ல ஒரு வழிகாட்டி

சித்தன்னவாசல் அறிவர் கோயிலின் முன்மண்டபத்தில் கதை கூரையில் ஓவியமாக இருக்கிறது. ஒரு தாமரைக் குளம். அதில் யானை, எருமை, மீன், அன்னம். நடுவே பூப்பறிக்கும் மூன்று ஆண்கள். 9-ஆம் நூற்றாண்டில், பாண்டிய மன்னன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இந்தக் கோயிலைப் புதுப்பித்ததாக அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. மண்டபம் சிறியது: சுமார் 22.5 அடி நீளம், 7.5 அடி அகலம், 8.5 அடி உயரம். உள்ளே வருபவர் முதலில் எதிரே இருக்கும் வாயிலைப் பார்ப்பார். பிறகு தூணில் ஆடும் பெண்ணைப் பார்ப்பார். யாராவது கைகாட்டினால்தான் அண்ணாந்து பார்ப்பார். அதுவரை குளம் அவருக்கு இல்லை.

வி.ஆர். எனப்படும் மெய்நிகர் ஊடகத்தில் கதை சொல்ல வருபவர்கள் தங்கள் முதல் பாடத்தை இந்த மண்டபத்திலேயே படிக்கலாம். சினிமா இயக்குநர் எதைக் காட்டுகிறாரோ அதைத்தான் பார்வையாளர் பார்க்க முடியும். ஹெட்செட் மாட்டியவர் அப்படியில்லை. நீங்கள் மாதக்கணக்கில் உழைத்து உருவாக்கிய காட்சி அவர் முன்னால் ஓடும்போது, அவர் பின்பக்கம் திரும்பிக் கதவின் தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அவரைக் குறைசொல்ல வழியில்லை. அவர் அந்த இடத்துக்குள் இருக்கிறார், இஷ்டப்பட்ட பக்கம் பார்க்கிறார்.

ஆகவே இந்தத் தொழிலில் முதலில் முடிவுசெய்ய வேண்டிய கேள்வி ஒன்றே: பார்ப்பவர் யார், எங்கே நிற்கிறார், அவர் உடல் அங்கே என்ன செய்கிறது? கேமரா, மென்பொருள், ஹெட்செட் எல்லாம் இதற்கு அப்புறம். ஓர் இடத்தைக் காலால் நடந்து, வெயிலில் காய்ந்து, அதன் சத்தத்தைக் கேட்டுப் பழகியவருக்குத்தான் இந்தக் கேள்விக்குப் பதில் தெரியும். புதுக்கோட்டை மாவட்டத்தில் வளர்ந்த இளைஞருக்குச் சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கும் ஒரு ஸ்டூடியோவைவிடக் கூடுதலாக ஏதாவது இருக்கிறதென்றால் அது இதுதான். அது சின்ன விஷயம் இல்லை.

கழுத்தைக் கேட்டு எழுதுங்கள்

சித்தன்னவாசலையே ஒரு திட்டமாக எடுத்துக்கொள்வோம். எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு 3 நிமிட வி.ஆர். கதை. என்ன செய்வீர்கள்?

வழக்கமான திரைக்கதைத் தாளில் இதை எழுத முடியாது. ஒரு வெள்ளைத்தாளில் வட்டம் போடுங்கள். நடுவில் பார்ப்பவர். வட்டத்தைச் சுற்றித் திசைகளைக் குறியுங்கள். நம் ஊரில் வழி சொல்லும்போதே கிழக்கால போ, மேற்கால திரும்பு என்றுதான் சொல்கிறோம். அந்தப் பழக்கம் இங்கே அப்படியே கைகொடுக்கும். மேற்கே வாசல், வெளிச்சம். கிழக்கே உள்ளறை, இருட்டு. தெற்குச் சுவர் மாடத்தில் பார்சுவநாதர், வடக்குச் சுவர் மாடத்தில் ஓர் ஆசாரியர். மேலே குளம். எந்த நொடியில் எந்தத் திசையில் என்ன நடக்கிறது, என்ன ஒலி கேட்கிறது என்று வட்டத்துக்குள் எழுதுங்கள். கூகுள் நிறுவனத்தில் வி.ஆர். படங்கள் எடுத்த ஜெசிகா பிரில்ஹார்ட் ஏறக்குறைய இப்படித்தான் படத்தொகுப்பைப் பற்றி யோசித்தார். ஒரு காட்சி முடியும்போது பார்ப்பவரின் கண் எந்தத் திசையில் இருக்கக்கூடுமோ, அடுத்த காட்சியின் முக்கியமான பொருளை அதே திசையில் தொடங்க வேண்டும் என்பது அவர் சொன்ன வழி. அது தவறினால் ஒவ்வொரு வெட்டுக்கும் பார்ப்பவர் கதையைத் தேடித் தலையைச் சுழற்றிக்கொண்டிருப்பார்.

இப்போது கழுத்து. வி.ஆர். வடிவமைப்பாளர் மைக் அல்ஜர் 2015-இல் தொகுத்துக் கொடுத்த கணக்கு இன்றும் வேலைக்கு உதவும். பக்கவாட்டில் 30 டிகிரி வரை திரும்புவது சுகம், 55 டிகிரி எல்லை. மேலே 20 டிகிரி வரை பார்ப்பது சுகம், 60 டிகிரி எல்லை. கீழே 12 டிகிரி சுகம், 40 டிகிரி எல்லை. தலைக்கு நேர் மேலே இருக்கும் கூரைக்கு 90 டிகிரி அண்ணாந்தாக வேண்டும். அதுவும் அரைக்கிலோ எடையுள்ள ஹெட்செட்டைத் தலையில் மாட்டிக்கொண்டு! அரை நிமிடத்துக்குமேல் எந்தக் குழந்தையும் அப்படி நிற்காது.

குறுக்கு வழி ஒன்று உண்டு: கூரை ஓவியத்தை எடுத்து எதிரே சுவரில் மாட்டிவிடுவது. அதைச் செய்யாதீர்கள். ஓவியன் குளத்தைக் கூரையில் வைத்ததில்தான் கதையே இருக்கிறது. குளத்தின் அடியில் இருந்துகொண்டு மேலே பார்ப்பதுபோல அந்த மண்டபம் நமக்கு ஓர் இடம் கொடுக்கிறது. சுவரில் மாட்டினால் அது ஒரு புகைப்படம். நான் சொல்லும் வழி எளிது: தரையில் பாய் விரித்துப் பார்ப்பவரைப் படுக்க வையுங்கள். கழுத்து வலி போய்விடும். கூரை நேர் எதிரே வந்துவிடும்.

படுக்க வைப்பதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. அதே குன்றில் ஏழடிப்பட்டம் குகைத்தளம் இருக்கிறது. அங்கே சமணத் துறவிகளுக்காகப் பாறையில் வழுவழுப்பாகச் செதுக்கிய 17 படுக்கைகள், தலைமாட்டில் கல்லிலேயே தலையணை மேடு. அவற்றில் ஒன்றில் இருக்கும் தமிழ் பிராமி எழுத்து கி.மு. 1-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பார்கள். அங்கே படுத்த துறவி பார்த்தது கரட்டுப் பாறையை. ஏறத்தாழ ஆயிரம் வருடம் கழித்து அதே குன்றில் படுக்காமல் நின்றவர் பார்த்தது குளத்தை. பார்ப்பவர் பாயைவிட்டு எழாமலேயே இரண்டு காலங்களையும் காணலாம். உடலின் ஒரே நிலை இரண்டு காட்சிகளையும் சேர்த்துக் கட்டுகிறது. நீண்ட விளக்க உரை தேவைப்படாது.

மேலே பார்க்கவைக்க அம்புக்குறி போடுவது சோம்பேறித்தனம். ஒலியைப் பயன்படுத்துங்கள். காதுக்கு மேலே ஒரு மீன் துள்ளி விழும் சத்தம் கேட்டால் யாருடைய கண்ணும் மேலேதான் போகும். ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதைப் பதிவுசெய்யும் மைக்குகள் இருக்கின்றன. ஆம்பிசோனிக் மைக் என்பார்கள். வாடகைக்கும் கிடைக்கும். அறிவர் கோயிலின் உள்ளறை ஒலிக்குப் பேர்போனது. சுமார் 9.5 அடிச் சதுரம், நாலாபுறமும் கல். உள்ளே நின்று தாழ்ந்த சுருதியில் ‘ம்ம்’ என்று முனகினால் அந்த ஒலி அறை முழுக்க நிறைந்து உடம்பில் அதிரும். கல் ஒலியை அதிகம் உறிஞ்சுவதில்லை. அறையின் அளவுக்குப் பொருந்தும் சுருதி மட்டும் பெருகுகிறது. அனுமதி வாங்கிக்கொண்டு அந்த அறையில் ஒரு கைதட்டலைப் பதிவுசெய்து வாருங்கள். பின்னால் உங்கள் கதைசொல்லியின் குரலைப் புதுக்கோட்டையில் ஒரு சாதாரண அறையில் பதிவுசெய்தாலும், அந்தக் கைதட்டலின் எதிரொலியை மென்பொருளில் கொடுத்து அதே குரலை அந்தக் கல் அறைக்குள் ஒலிக்க வைக்கலாம்.

ஒலி மட்டுமே ஒரு வி.ஆர். கதையைத் தாங்கும் என்பதற்கு 2016-இல் வந்த ‘நோட்ஸ் ஆன் பிளைண்ட்னெஸ்: இன்டு டார்க்னெஸ்’ சான்று. பார்வை இழந்த பேராசிரியர் ஜான் ஹல் 1980-களில் ஒலிநாடாவில் பேசி வைத்த நாட்குறிப்புகள்தான் அதன் அடிப்படை. அதில் ஒலி வரும் இடத்தில்தான் உருவம் தோன்றும். இந்தத் துறைக்கு வருபவர்கள் தேடிப் பிடித்துப் பார்க்க வேண்டிய படைப்பு அது.

குடுமியான்மலையில் சித்தன்னவாசலுக்கு நேர்மாறான சிக்கல். அங்குள்ள 7-ஆம் நூற்றாண்டு இசைக் கல்வெட்டு உலகமே பேசும் பொருள். ஆனால் ஹெட்செட்டில் பாறை எழுத்தைப் படிக்க வைக்க முடியாது. எழுத்து மங்கிவிடும், படித்தாலும் கிரந்தம் தெரிந்தவர்கள் சிலரே. எழுத்தைக் காட்டுவதை விட்டுவிட்டு, இசை ஆசிரியர் ஒருவரைப் பாறை முன் உட்காரவைத்து அதில் உள்ள சுரங்களைப் பாட வையுங்கள். அன்று எப்படி ஒலித்தது என்பது யாருக்கும் உறுதியாகத் தெரியாது. இது இன்றைய ஒருவரின் முயற்சி என்பதை அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள்.

சைக்கிள் பாரில் ஒரு குழந்தை

இந்த மாவட்டத்தின் ஆகச் சிறந்த வி.ஆர். கதை கோயிலிலோ கோட்டையிலோ இல்லை என்பது என் தீர்மானமான எண்ணம். அது சைக்கிளில் இருக்கிறது.

1991-இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு சைக்கிள் பழகுவதையும் சேர்த்தார். குவாரியில் கல் உடைக்கிறவர்கள், களத்துமேட்டில் வேலை செய்கிறவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், கிராமச் செவிலியர்கள், ஆசிரியைகள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கு மேற்பட்ட பெண்கள் கொடி கட்டிய சைக்கிள்களில் மணியடித்துக்கொண்டு நகரத்துக்குள் வந்தார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை நாடறிய எழுதினார். சிலர் ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே விரும்பினார்கள் என்பது அவர் கவனித்த செய்திகளில் ஒன்று. அந்த சைக்கிளில் சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே பார் இருக்கும். அதில் பிள்ளையை உட்காரவைக்கலாம்.

இந்தக் கதையில் பார்ப்பவர் யார்? மூன்று இடங்கள் இருக்கின்றன. மூன்றையும் எடைபோட்டுப் பார்ப்பதே நல்ல பயிற்சி.

முதல் இடம், சைக்கிள் பழகும் பெண். பார்ப்பவரை நிஜமான ஒரு சைக்கிளில் உட்காரவைத்து, ஸ்டாண்டு போட்டு, ஹேண்டிலைப் பிடிக்கச் சொல்லலாம். மிதித்தால் சாலை நகரும்படி செய்யலாம். முன்னால் ஒரு மேசை விசிறி வைத்தால் காற்றும் வந்துவிடும். விழுந்துவிடுவோமோ என்ற பயம் மட்டும் வராது. ஸ்டாண்டில் நிற்கும் சைக்கிள் விழாது என்று உடம்புக்குத் தெரியும். அந்தப் பயத்தை ஒலியால் கொண்டுவரலாம். பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு இன்னொரு பெண் ஓடிவருகிறாள். “நான் புடிச்சிருக்கேன், மிதிங்கக்கா!” குரல் முதுகுக்குப் பின்னாலேயே, ஒரே தூரத்தில், மூச்சிரைக்க வருகிறது. கொஞ்ச நேரம் கழித்து அதே குரல் “மிதிங்க, மிதிங்க” என்று தூரத்தில் கேட்கிறது. அவள் கையை எடுத்துவிட்டாள். ஒரு வார்த்தை விளக்கம் இல்லாமல், திரும்பிப் பார்க்கக்கூட வேண்டாமல், தான் தனியாக ஓட்டுகிறோம் என்பது பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும். வேறு எந்த ஊடகத்தாலும் இதை இப்படிச் செய்ய முடியாது.

இரண்டாவது இடம், சாலையோரம். ஊர்வலம் நம்மைக் கடந்து போகிறது. இது பாதுகாப்பானது, தலைசுற்றல் வராது, எடுக்கவும் சுலபம். ஆனால் பார்ப்பவர் வேடிக்கை பார்ப்பவராகவே நின்றுவிடுவார். முதல் பயிற்சிக்கு இதை எடுத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை.

மூன்றாவது இடம், பாரில் உட்கார்ந்திருக்கும் குழந்தை. நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். இரண்டு பக்கமும் அம்மாவின் கைகள். உச்சந்தலைக்கு மேலே அவள் மூச்சும் பேச்சும். முன்னால் சாலை. குழந்தைக்கு எதையும் ஓட்டும் பொறுப்பு இல்லை, அதனால் பார்ப்பவர் எதையும் செய்ய வேண்டியதில்லை. ஆனால் கதையின் நடுவிலேயே இருக்கிறார். அம்மா யாரோடு பேசுகிறாள், டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள், அதைக் கேட்டு அவள் மிதிப்பது வேகமாகிறதா என்பதெல்லாம் குழந்தைக்குத் தெரியும், அர்த்தம் பாதிதான் புரியும். அந்தப் பாதிப் புரிதல்தான் பார்ப்பவரை இழுத்து வைக்கும்.

தொழில்நுட்பமும் இந்த இடத்துக்குச் சாதகமாகவே இருக்கிறது. வி.ஆரில் தலைசுற்றல் வருவது ஏன்? நகர்கிறோம் என்று கண் சொல்கிறது. நகரவில்லை என்று உள்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு சொல்கிறது. இரண்டும் மோதும்போது குமட்டுகிறது. கண்முன்னே உடலோடு சேர்ந்து அசையாமல் நிற்கும் ஒரு சட்டம் இருந்தால் அந்த மோதல் குறையும். இங்கே ஹேண்டில்பாரும் அம்மாவின் கைகளும் அந்தச் சட்டம். சாலை நேராக இருக்கட்டும். வேகம் ஒரே சீராக இருக்கட்டும். வளைவும் திடீர் பிரேக்கும் வேண்டாம். காட்சி நொடிக்கு 72 பிரேமுக்குக் கீழே இறங்கக் கூடாது. 90 இருந்தால் நல்லது. ஒரு நிமிடம் ஓட்டி, சைக்கிளை நிறுத்தி, மரத்தடியில் பேசவிட்டு, மறுபடி ஓட்டுங்கள்.

இன்றைய சாலையில் இதைப் படமெடுத்தால் செல்போன் கோபுரமும் பிளக்ஸ் போர்டும் உள்ளே வந்துவிடும். வரைகலை அசைவுப்படமாகச் செய்யுங்கள். இந்தியப் பிரிவினையில் இடம்பெயர்ந்தவர்களின் நினைவுகளைச் சேகரித்த ‘புராஜெக்ட் தாஸ்தான்’ குழு ‘சைல்ட் ஆஃப் எம்பயர்’ என்ற வி.ஆர். படைப்பை அப்படித்தான் அசைவுப்படமாகச் செய்தது. அது 2022-இல் சன்டான்ஸ் விழாவில் இடம்பெற்றது. முதலில் முதியவர்களின் குரல், பிறகு அதன்மேல் படம். வேலையின் வரிசை அதுதான்.

சுற்றி நிற்பவர் எல்லாரும் கதையில் இருக்கிறார்கள்

360 டிகிரி கேமராவுக்கு முன்பக்கம், பின்பக்கம் கிடையாது. படப்பிடிப்புக் குழு ஒளிந்துகொள்ள வேண்டும். நார்த்தாமலை விஜயாலய சோழீச்சரத்தில் எடுத்தால் சுற்றியிருக்கும் சிறு சன்னிதிகளுக்குப் பின்னால் ஒதுங்கலாம். மொட்டைப் பாறையில் எடுத்தால் சரிவில் இறங்கிப் படுத்துக்கொள்ள வேண்டியதுதான். இதைவிட முக்கியமான விஷயம் இன்னொன்று. அந்த வட்டத்துக்குள் தற்செயலாக நிற்கும் ஒவ்வொருவரும் படத்தில் விழுகிறார். அவர்களிடம் கேட்டாக வேண்டும். ஊர்க்கூட்டத்தில் சொல்லிவிட்டு எடுங்கள். எடுத்ததை முதலில் அவர்களுக்கே போட்டுக் காட்டுங்கள். வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அந்தக் காட்சி வேண்டாம்.

கேமராவின் உயரம் என்பது பார்ப்பவரின் உயரம். 2015-இல் ஐ.நா. ஆதரவில் காபோ அரோராவும் கிறிஸ் மில்க்கும் செய்த ‘கிளவுட்ஸ் ஓவர் சிட்ரா’ ஜோர்டானின் சாதாரி அகதி முகாமில் ஒரு 12 வயதுச் சிரியச் சிறுமியோடு நம்மை உட்கார வைத்தது. தரையில் அமர்ந்து பேசும் சிறுமியின் எதிரே நாமும் தரையில்தான் இருக்கிறோம். கிழவி திண்ணையில் உட்கார்ந்து பேசினால் கேமராவும் திண்ணை உயரத்துக்கு வரவேண்டும். நின்றபடி எடுத்தால் அவளைக் குனிந்து பார்க்கும் அதிகாரியாகிவிடுவோம்.

ஜல்லிக்கட்டு பற்றிக் கேட்பார்கள். ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு பெரும்பாலும் இந்த மாவட்டத்துத் தச்சங்குறிச்சியில்தான் நடக்கிறது. வாடிவாசலில் கேமராவை வைத்துக் காளை பாய்வதைக் காட்டலாம். 20 நொடிக் கத்தல் கிடைக்கும், கதை கிடைக்காது. காளை வளர்க்கும் வீட்டில் விடிகாலையில் கேமராவை வையுங்கள்.

தெரிந்தது எது, ஊகம் எது

பொற்பனைக்கோட்டையில் இன்று நிற்பது மண்மேடாகிவிட்ட கோட்டைச் சுவரும் அகழியின் தடமும். 2021-இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2023-இல் மாநிலத் தொல்லியல் துறையும் அங்கே அகழாய்வு செய்தன. தங்கத்தாலான சிறு அணிகலன், எலும்பு முனைக் கருவி, சூதுபவள மணி என்று கிடைத்திருக்கின்றன. மென்பொருளில் அரண்மனை கட்டுவது இப்போது ஒரு வாரத்து வேலை. கட்டிவிட்டால் என்ன ஆகும்? பள்ளிப்பிள்ளைக்கு அது நேரில் பார்த்த நினைவாகவே தங்கும். புத்தகத்தில் படித்த ஊகத்தைப் பின்னால் திருத்திவிடலாம். உள்ளே நின்று பார்த்ததைத் திருத்துவது கடினம். இந்த ஊடகத்தின் பலமும் ஆபத்தும் இங்கேதான்.

பண்பாட்டுச் சின்னங்களைக் கணினியில் மீட்டுருவாக்குபவர்களுக்காக 2006-இல் எழுதப்பட்ட லண்டன் சாசனம் இதைத்தான் கேட்கிறது: எது சான்று, எது ஊகம், எந்த அடிப்படையில் ஊகித்தோம் என்பதைப் பதிவுசெய்து வெளிப்படையாக வையுங்கள். நடைமுறையில் எளிய வழி உண்டு. கிடைத்ததை முழு நிறத்தில் காட்டுங்கள். ஊகித்ததைக் கோட்டோவியமாக விடுங்கள். சூதுபவள மணி பளிச்சென்று இருக்கட்டும். அதை அணிந்தவளின் வீடு கோடாக இருக்கட்டும். ஓர் அகழாய்வுக் குழியின் விளிம்பில் பார்ப்பவரை நிறுத்தி, மண்ணடுக்கிலிருந்து மணி வெளிவரும் நொடியைக் காட்டினாலே போதும், அரண்மனை தேவையில்லை.

ஹெட்செட் மாட்டிவிடுகிறவர்

இதை யாரும் சொல்லித்தருவதில்லை. உங்கள் கதை ஹெட்செட்டை மாட்டும்போதே தொடங்கிவிடுகிறது. இயக்குநர் அலெகாந்த்ரோ இன்யாரித்து 2017-இல் கான் விழாவில் காட்டிய ‘கார்னே ஒய் அரேனா’வில் பார்வையாளர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் வெறுங்காலோடு நடந்தார்கள். எல்லையைக் கடக்கும் மனிதர்களின் கதை அந்தக் காலடியிலேயே ஆரம்பித்துவிட்டது. அதற்கு ஆஸ்கர் அமைப்பு தனிச்சிறப்பு விருது கொடுத்தது.

ஓர் அரசுப் பள்ளியில் காட்டப் போகிறீர்கள் என்று வையுங்கள். 40 மாணவர்கள், 2 ஹெட்செட். 3 நிமிடக் கதை, மாற்றி மாட்ட 2 நிமிடம். ஒரு ஹெட்செட்டுக்கு 20 பேர், மொத்தம் 100 நிமிடம். கதையை 8 நிமிடமாக நீட்டினால் 200 நிமிடம். தலைமையாசிரியர் மறுமுறை கூப்பிட மாட்டார். நீளத்தைக் கலை மட்டும் தீர்மானிப்பதில்லை. காத்திருக்கும் பிள்ளைகளுக்கு ஹெட்செட்டுக்குள் ஓடுவதை டி.வி.யில் காட்டாதீர்கள், கதை கெட்டுவிடும். ஒலியை மட்டும் ஸ்பீக்கரில் விடுங்கள். ஒவ்வொருவருக்கும் பிறகு துடைத்து மாட்டுங்கள். சிறு குழந்தைகளுக்கு ஹெட்செட் வேண்டாம். தயாரிப்பு நிறுவனம் சொல்லும் வயது வரம்பைப் பார்த்துவிட்டே போங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் கருவி சூடாகி நின்றுவிடும், நிழலும் மின்விசிறியும் பார்த்து இடம் பிடியுங்கள்.

கிராமத்தில் பெண்களுக்குக் காட்டும்போது மாட்டிவிட ஒரு பெண் கட்டாயம் வேண்டும். கொண்டையும் மல்லிகைப் பூவும் இருக்கும் தலையில் வார் எப்படிப் போடுவது, மூக்குக்கண்ணாடியோடு எப்படி மாட்டுவது என்பதை முன்பே பழகுங்கள். தொடுவதற்கு முன் கேளுங்கள். “இப்ப ஒரு சைக்கிள் வரும்மா, பயப்படாதீங்க, எப்ப வேணும்னாலும் கழட்டிடலாம்” என்று சொல்லிவிட்டு அருகிலேயே நில்லுங்கள். பார்த்து முடித்தவரை உடனே விரட்டாதீர்கள். ஒரு நாற்காலி, ஒரு தம்ளர் தண்ணீர். அவர் சொல்வதுதான் உங்களுக்குக் கிடைக்கும் ஆகச் சரியான விமர்சனம்.

வேலை தேடும்போது

படிப்புக்குச் செலவழிக்கும் முன் இலவசமாகக் கிடைப்பதை முடியுங்கள். ஹெட்செட் தயாரித்த ஆக்குலஸ் நிறுவனத்தின் தொடக்ககால விஞ்ஞானி ஸ்டீவன் லாவால் நடத்திய வி.ஆர். பாடம் என்.பி.டி.இ.எல். என்ற இணையவழிப் பாடத் தளத்தில் இருக்கிறது, அவருடைய பாடநூலையும் இணையத்தில் படிக்கலாம். கண், காது, சமநிலை ஆகியவை எப்படி வேலை செய்கின்றன என்ற பகுதியைத் தாண்டிக் குதிக்காதீர்கள். முப்பரிமாண வேலைக்கு பிளெண்டர் இலவசம். யூனிட்டியையும் தொடக்கநிலையில் காசில்லாமல் பயன்படுத்தலாம். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் மணிவண்ணன் தலைமையில் எக்ஸ்.டி.ஐ.சி. என்ற மையம் இந்தத் துறைக்கென்றே இயங்குகிறது. அதன் நிகழ்ச்சிகளைக் கவனித்து வாருங்கள்.

வேலை எங்கே? அருங்காட்சியகம், சுற்றுலா, பள்ளிக்கல்வி என்பது ஒரு பக்கம். தொழிற்சாலைப் பாதுகாப்புப் பயிற்சி, மருத்துவப் பயிற்சி, வீடு விற்பனை என்பது இன்னொரு பக்கம். சம்பளம் முறையாக வருவது பெரும்பாலும் இந்தப் பக்கம்தான். அமெரிக்காவின் வால்மார்ட் 2018-இல் ஊழியர் பயிற்சிக்காக 17,000 ஹெட்செட் வாங்கப்போவதாக அறிவித்தது. தீ விபத்தில் எந்தக் கதவு வழியே ஓடுவது என்று கற்றுத்தரும் பயிற்சிக்கும் பார்ப்பவர் யார், எங்கே நிற்கிறார் என்ற கேள்விதான் அடிப்படை. கதை எழுதப் பழகியவர் அந்த வேலையையும் நன்றாகச் செய்வார்.

நேர்காணலுக்கு ஒரே ஒரு படைப்பைக் கொண்டுபோங்கள்: 3 நிமிடம், ஓர் இடம், ஒரு மனிதர். கூடவே வட்டத் தாளில் எழுதிய திரைக்கதை, பார்த்தவர்களில் பத்துப்பேர் எங்கே திரும்பினார்கள் என்ற குறிப்பு, அதன்பின் நீங்கள் மாற்றியது. இது ஏன் சாதாரண வீடியோவாக இல்லை என்று கேட்பார்கள். பதில் இல்லையென்றால் அதை வீடியோவாகவே எடுத்திருக்க வேண்டும். மூன்று பேர் சேர்ந்தால் குழு தயார்: எழுதுபவர், ஒலி பார்ப்பவர், கணினி பார்ப்பவர். ஒலிக்கு ஆளில்லாத குழுவில் சேராதீர்கள்.

அனுமதியில் அவசரப்படாதீர்கள். சித்தன்னவாசலும் விஜயாலய சோழீச்சரமும் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. படப்பிடிப்புக்கு முறையாக எழுதிக்கேட்டு அனுமதி வாங்க வேண்டும். அதற்கு ஆகும் நாளைத் திட்டத்தில் முதலிலேயே சேர்த்துவிடுங்கள். ஓவியங்கள் இருக்கும் இடத்தில் விளக்கு அடிப்பதை நினைத்தும் பார்க்காதீர்கள். ஒப்பந்தத்தில் எத்தனை முறை திருத்தித் தருவீர்கள், புதிய ஹெட்செட் வந்தால் மாற்றித்தரும் செலவு யாருடையது என்று எழுதி வாங்குங்கள். 2014-இல் வந்த கூகுள் கார்ட்போர்டின் விற்பனை 2021-இல் நின்றுபோனது. ஆக்குலஸ் கோ ஹெட்செட் இரண்டே ஆண்டில் நிறுத்தப்பட்டது. கருவி போனாலும் உங்கள் மூல ஒலியும் மூலப் படமும் இரண்டு இடங்களில் பத்திரமாக இருக்க வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 1991-இல் 30 வயதில் சைக்கிள் பழகிய பெண் இன்று அறுபதைத் தாண்டியிருப்பார். அன்று கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடியவர்கள், வேண்டாம் என்று தடுத்தவர்கள், பாரில் உட்கார்ந்து போன பிள்ளைகள் எனப் பலரும் இன்னும் இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள். படம் பிறகு வரைந்துகொள்ளலாம். ஹெட்செட் அடுத்த வருடம் வாங்கிக்கொள்ளலாம். உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்தால், அவர் சம்மதத்தோடு இந்த மாதமே உட்கார்ந்து பேசவிட்டுப் பதிவுசெய்யுங்கள், அதன் ஒரு பிரதியை அவர் பேரப்பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு வாருங்கள்.